முதல் விஆர் ஹெட்செட்: வாங்குமுன் ஒரு டீ

உட்காருங்க தம்பி, டீ வரட்டும். மச்சான் கப்பலிலிருந்து இறங்கி வரும்போது ஒரு விஆர் ஹெட்செட் வாங்கி வரச் சொல்லலாமா, எது நல்லது என்று கேட்கிறீர்கள். இதற்குப் பதில் சொல்ல எனக்கு முதலில் தெரியவேண்டியது உங்கள் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதல்ல. அதைத் தலையில் மாட்டிக்கொண்டு என்ன பார்க்கப் போகிறீர்கள்?

கடலுக்கடியில் பார், அதாவது முத்துச்சிப்பி வளரும் பாறைத்திட்டு, எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை என்கிறீர்கள். புன்னைக்காயல் கரையில் பிறந்தவருக்கு அது நியாயமான ஆசைதான். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றது. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் உண்டு. மற்றவர்களுக்கு முத்துப் பார் என்பது தாத்தா சொன்ன கதை. சரி, அந்த ஆசையை வைத்தே பார்ப்போம். நீங்கள் விளையாட வாங்கினாலும், படம் பார்க்க வாங்கினாலும் கணக்கு இதேதான்.

கடலடியை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று, சுற்றிலும் பார்க்கும் கேமராவைத் தண்ணீரில் இறக்கி எடுத்த 360 டிகிரி வீடியோ. தலையைத் திருப்பினால் இடமும் வலமும் மேலும் கீழும் தெரியும். ஆனால் ஒரு பவளப்பாறைக்குப் பின்னால் மீன் ஒளிந்திருக்கிறதே என்று எட்டிப்பார்த்தால் ஒன்றும் நடக்காது. கேமரா நின்ற இடம்தான் உங்கள் இடம். இன்னொன்று, கணினியில் கட்டிய கடல். ‘ஓஷன் ரிஃப்ட்’, ‘தி ப்ளூ’ போன்றவை அப்படிப்பட்டவை. அங்கே நீங்கள் குனிந்தால் பாறையின் அடி தெரியும், ஓரடி நகர்ந்தால் அதன் மறுபக்கம் தெரியும். தலை திரும்புவதை மட்டும் அறிகிற ஹெட்செட்டுக்கும், தலை இடம்பெயர்வதையும் அறிகிற ஹெட்செட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கடைக்காரர் ‘மூன்று டிஓஎஃப்’, ‘ஆறு டிஓஎஃப்’ என்பார். மூன்று என்றால் திரும்புவது மட்டும். ஆறு என்றால் நகர்வதும் சேர்த்து.

முதல் வகைக்கு போனைச் செருகும் விஆர் பாக்ஸே போதும். 2014இல் கூகுள் அட்டையில் செய்து காட்டியதே, அந்த வகை. 2023இல் ஜியோவும் ஜியோடைவ் என்று ஒன்றை 1,299 ரூபாய்க்கு விட்டது, ஐபிஎல்லைச் சுற்றிப் பார்ப்பதற்காக. வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் போனில் ஜைரோஸ்கோப் இருக்கிறதா? விலை குறைந்த பல போன்களில் அது இருக்காது. இல்லாவிட்டால் தலையைத் திருப்பினாலும் படம் ஒழுங்காகத் திரும்பாது. என் அபிப்பிராயம் கேட்டால், பாக்ஸ் ருசி பார்க்கத்தான். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘விஆர்னா இவ்வளவுதானா’ என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர்.

மறுகோடியில், கம்ப்யூட்டரோடு அல்லது பிளேஸ்டேஷனோடு இணைக்கிற ஹெட்செட்டுகள். வீட்டில் ஏற்கெனவே நல்ல கேமிங் கம்ப்யூட்டரோ பிஎஸ்5ஓ இருந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

நடுவில் இருப்பது தானே இயங்கும் வகை. மெட்டா குவெஸ்ட் 3, அதைவிட மலிவான 3எஸ் என்பவை இதில் பேர்பெற்றவை. போனும் வேண்டாம், ஒயரும் வேண்டாம். முகப்பில் இருக்கிற கேமராக்களே அறையை அளந்து நீங்கள் நகர்வதைக் கண்டுகொள்ளும். அமெரிக்காவில் 3 வந்தபோது 499 டாலர், 3எஸ் 299 டாலர். முதல் ஹெட்செட் என்றால் பெரும்பாலோருக்கு இந்த வகைதான் சரி என்பேன்.

ஆனால் எந்த மாடல் என்பதை முடிவுசெய்ய வேண்டியது உங்கள் கண். இரு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் மாறும். லென்ஸுகளின் இடைவெளி அதோடு ஒத்துப்போகாவிட்டால் படம் மங்கும், தலை வலிக்கும். 3எஸ்ஸில் 58, 63, 68 என்று மூன்றே நிலைகள். 3இல் சக்கரத்தைத் திருகி வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், லென்ஸும் ஓரம்வரை தெளிவாகக் காட்டும். கண்ணாடிக் கடையில் கேட்டால் உங்கள் அளவை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். 63ஐ ஒட்டி வந்தால் 3எஸ் போதும், மிச்சக் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 58க்கும் குறைவென்றாலோ 68ஐத் தாண்டினாலோ 3ஐ மாட்டிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவரா? அதன் சட்டம் உள்ளே அடங்குகிறதா, லென்ஸில் உரசுகிறதா என்றும் பாருங்கள். உரசினால் இரண்டிலும் கீறல் விழும்.

அடுத்தது வயிறு. இதை மட்டும் நிதானமாகக் கேளுங்கள், கடற்கரைக்காரருக்குச் சட்டென்று புரியும். படகின் உள்ளறையில் உட்கார்ந்தவருக்கு ஏன் குமட்டுகிறது? உள்காதில் இருக்கிற சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர்கிறது; கண்ணோ அசையாத பலகையைப் பார்க்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட, மூளை தடுமாறுகிறது. அதனால்தான் மேல்தட்டுக்கு வந்து தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்கிறார்கள். விஆரில் இது தலைகீழ். கண் பறக்கிறது, நீந்துகிறது. உள்காது ‘நான் நாற்காலியில்தானே இருக்கிறேன்’ என்கிறது. முடிவு ஒன்றுதான், குமட்டல். படகில் எந்த அலைக்கும் அசையாத ஆள்கூட இதில் சுருண்டுவிடலாம். தலை அசைவதற்கும் படம் மாறுவதற்கும் இடையில் தாமதமானால் இன்னும் மோசம். மலிவு போனும் பாக்ஸும் சேர்ந்து மயக்கம் தருவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

ஆகவே ஆரம்பத்தில் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, உலகம் உங்களிடம் வருகிற மாதிரியான ஆப்களைத் தேர்ந்தெடுங்கள். ‘தி ப்ளூ’வில் மூழ்கிய கப்பலின் தட்டில் நீங்கள் நிற்பீர்கள், திமிங்கிலம் தேடிவந்து கண்ணுக்கு நேரே கடந்துபோகும். பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். லேசாகக் கிறுகிறுத்தாலும் உடனே கழற்றுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பழகுகிற விஷயமல்ல இது. குவெஸ்ட் ஸ்டோரில் ஒவ்வொரு ஆப்பும் எவ்வளவு சுகம், எவ்வளவு உலுக்கல் என்று குறித்திருப்பார்கள், அதைப் பார்த்து இறக்குங்கள். இந்தச் சங்கதியை ஆழமாகப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு நல்ல செய்தி: விஆர் ஹெட்செட் செய்த ஆக்குலஸ் நிறுவனத்தின் தொடக்க நாட்களில் அங்கே தலைமை விஞ்ஞானியாக இருந்த ஸ்டீவன் லவால் 2015இல் சென்னை ஐஐடியில் விஆர் பாடம் நடத்தினார். அந்த வகுப்புகள் என்பிடெல் என்ற இணையப் பாடத்தளம் வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன.

பிள்ளைகள் என்றதும் நினைவு வருகிறது. பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம் என்கிறது மெட்டா, பிளேஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு. வீட்டில் அழுதாலும் கொடுக்காதீர்கள்.

அரை கிலோ எடை முகத்தில் தொங்கும் என்பதையும் மறக்கவேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் முகத்தில் படும் பஞ்சு கால் மணியில் நனைந்துவிடும். கழுவித் துடைக்கிற சிலிகான் உறை ஒன்று சேர்த்து வாங்குங்கள், பெரிய செலவில்லை. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வெற்றிடம் வேண்டும். தாழ்ந்த கூரையில் ஃபேன் ஓடுகிற அறை வேண்டாம். கையை வீசினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. சார்ஜ் சுமார் இரண்டு மணி நேரம் நிற்கும்.

இனி மச்சான் விஷயம். வெளியூர்த் துறைமுகத்தில் வாங்கினால் விலை குறையலாம், ஆனால் அந்த வாரண்டி இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். செல்லாதென்றால், பழுதான பொருள் கடல் தாண்டிப் போய்த் திரும்பவேண்டும். பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ‘ஆக்குலஸ் கோ’ ஹெட்செட்டை நீட்டினால் கும்பிடு போட்டுவிடுங்கள். அது தலை திரும்புவதை மட்டும் அறிகிற வகை, 2020லேயே கைவிடப்பட்டது. 2019இல் வந்த முதல் குவெஸ்டுக்கும் 2024ஓடு ஆதரவு நின்றுவிட்டது. அதிலே புது ஆப் எதுவும் வராது.

ஒன்று மட்டும் வாங்கிய அன்றே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்: ஹெட்செட்டை வாசல் திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ லென்ஸ் மேலே தெரிய வைக்கக்கூடாது. அந்த லென்ஸ் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கிற திரையைச் சுட்டுவிடும். கொஞ்ச நேரம் போதும், விழுந்த புள்ளி போகாது.