நோட்ஸ் இல்லாமல் பியானோ வாசிக்க...

என் நண்பருக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. டிரினிட்டி எட்டாம் கிரேடு வரை பியானோ முடித்தவர். ஆனால் சர்ச்சில் பாடகர் திடீரென்று ஒரு சரணத்தை நீட்டினால் போதும், நோட்ஸில் இல்லையே என்று கை நின்றுவிடும். அவருக்கு நான் சொன்ன வழி இது.

மியூஸ்கோர் என்ற இலவச மென்பொருளை இன்ஸ்டால் செய்யுங்கள். நோட் இன்புட் பட்டனை அழுத்தி சி, ஏ மைனர், எஃப், ஜி கார்டுகளை பாருக்கு ஒன்றாகப் போடுங்கள். நான்கையும் செலக்ட் செய்து, லூப்பை ஆன் செய்து பிளே கொடுங்கள். வேகம் 60 போதும்.

இப்போது பியானோவில் வலது கை மட்டும்: சி, டி, இ, ஜி, ஏ. நம் மோகன ராகத்தின் ஸ்வரங்கள்தான்! முதலில் ஒரே ஸ்வரத்தை வைத்துத் தாளத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிசகினால் நிறுத்தாதீர்கள், அடுத்த சுற்றிலும் அதையே வாசியுங்கள், புது ட்யூன் போலக் கேட்கும்.