சந்திரபாபுவின் துயரம் திறமைக்குக் கொடுத்த விலையா?

நகைச்சுவை நடிகர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் ஜே.பி. சந்திரபாபுவின் பெயரை எடுப்பார். ஊரையே சிரிக்க வைத்த மனுஷன் உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தார் என்று இன்னொருவர் முடிப்பார். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். சிரிக்க வைக்கிற திறமைக்கும் மன நோய்க்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? உண்டென்றால் எவ்வளவு? இதுவரை தெரிந்ததை வைத்துப் பார்ப்போம்.

சந்திரபாபு 1927ல் தூத்துக்குடியில் பிறந்தவர். அப்பா விடுதலைப் போராட்டக்காரர். குடும்பம் இலங்கைக்குப் போக நேர்ந்ததால் பையனின் படிப்பு கொழும்பில் நடந்தது. 1940களில் சென்னைக்கு வந்து, 1947ல் ‘தன அமராவதி’யில் முகம் காட்டினார். அதன்பிறகு வாய்ப்புக்காக ஸ்டூடியோ வாசல்களில் வருடக்கணக்கில் அலைந்தார். 1950களின் தொடக்கத்தில் ஜெமினி ஸ்டூடியோவுக்குள்ளேயே உயிரை விட முயன்றார். காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அன்றைய சட்டப்படி அது குற்றம் என்பதால் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அங்கே அவர் ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தன் கையைச் சுட்டுக்கொண்டு, சுட்டதை நீங்கள் பார்க்கலாம், எரிச்சல் எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற பொருளில் பேசினார் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

பிறகு காலம் மாறியது. ‘குலேபகாவலி’ (1955), ‘சபாஷ் மீனா’ (1958), ‘நாடோடி மன்னன்’ (1958), ‘மரகதம்’ (1959) என்று வரிசையாகப் படங்கள். ‘சபாஷ் மீனா’வில் இரண்டு வேடம், ஒன்று ரிக்‌ஷாக்காரர். அந்தச் சென்னைப் பேச்சும், உடம்பை ரப்பராக வளைக்கிற ஆட்டமும், சொந்தக் குரலில் யோடலிங்கோடு பாடிய பாட்டுகளும் அவருடைய தனி முத்திரைகள். 1958ல் கல்யாணம்; அது நிலைக்கவில்லை. எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்துத் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது. அவரே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) ஓடவில்லை. ஆசையாகக் கட்டிய வீடு கைவிட்டுப் போனது. குடி அதிகமானது. 1974 மார்ச் 8ல் இறந்தபோது அவருக்கு 46 வயதுதான்.

இந்த வாழ்க்கையில் வேலையில்லாத் தவிப்பு இருக்கிறது, முறிந்த மணவாழ்வு இருக்கிறது, கடன் இருக்கிறது, குடி இருக்கிறது. கோயம்பேட்டில் காய்கறி விற்கிறவரையும் சாய்க்கக்கூடியவை இவை. நகைச்சுவைத் திறமை இவற்றில் எதைக் கொண்டுவந்தது? இறந்துபோனவருக்கு இன்ன நோய் இருந்தது என்று நாம் பெயர் சூட்டக் கூடாது. அவர் பட்ட பாட்டை ‘கலைஞனின் சாபம்’ என்று சொல்லி நகர்ந்துவிடவும் கூடாது.

ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஒரு குழு பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 523 நகைச்சுவைக் கலைஞர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தது. ஒப்பிடுவதற்காக 364 நடிகர்களையும், கலைத்தொழிலில் இல்லாத 831 பேரையும் சேர்த்துக்கொண்டது. முடிவுகள் 2014ல் வெளியாயின. அளந்தவை நான்கு குணங்கள்: வழக்கத்துக்கு மாறான அனுபவங்களை நம்புவது, கவனம் ஓரிடத்தில் நில்லாமல் தாவுவது, பிறரோடு கூடுவதில் இன்பம் காணாமல் ஒதுங்குவது, யோசிக்காமல் சட்டென்று கட்டு மீறுவது. நான்கிலும் நகைச்சுவைக் கலைஞர்கள் பொதுமக்களைவிட அதிக மதிப்பெண் பெற்றார்கள். நடிகர்களுக்கு மூன்றில் அதிகம். ஒதுங்கும் குணத்தில் மட்டும் அவர்கள் மற்றவர்களைப் போலத்தான். மேடையில் ஆயிரம் பேர் முன் துள்ளுகிறவர் வீட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது.

ஆனால் இவை குணங்கள். நோய் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நம் எல்லோரிடமும் கூடவோ குறையவோ இவை உண்டு. சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்களைக் கண நேரத்தில் முடிச்சுப் போடுகிறவரால்தான் நகைச்சுவை செய்ய முடியும். மனம் மிகையாகக் கிளர்ந்த நிலையிலும் எண்ணங்கள் அப்படித்தான் தாவும். சேலத்துக்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்கும்போது எல்லா வண்டிக்கும் வேகம் தானாகவே கூடும். பிரேக் பிடித்தால் அது பயணம், பிடிக்காவிட்டால் விபத்து. நகைச்சுவைக் கலைஞருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிகிறது. நோயில் அந்தக் கட்டுப்பாடுதான் போய்விடுகிறது.

சுவீடனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவேடுகளை எடுத்து, படைப்புத் தொழில்களில் இருப்பவர்களுக்கு மனநோய் அதிகமா என்று பார்த்தார்கள். பொதுவாக அதிகமில்லை. மிகைக் கிளர்ச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு மட்டும் விலக்கு. எழுத்தாளர்களுக்கு வேறு சில நோய்களும் கூடுதலாக இருந்தன. அதாவது தொடர்பு இருக்கிறது, ஆனால் மெல்லியது. நம் பேச்சில்தான் அது கயிறாகத் திரிக்கப்படுகிறது. முரண் பெரிதாக இருந்தால் மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். சிரிக்க வைத்தவர் அழுதது முப்பது வருடம் கழித்தும் நினைவில் நிற்கும். நகைச்சுவை நடிகர் கே.ஏ. தங்கவேலு 77 வயதுவரை வாழ்ந்தார். கிரேசி மோகன் கூட்டுக்குடும்பத்தின் நடுவே உட்கார்ந்து வாழ்நாளெல்லாம் நாடகம் எழுதினார். இவர்களை யாரும் இந்தப் பேச்சில் உதாரணம் காட்டுவதில்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டூடியோ அது. அங்கே எடுத்த ‘உத்தமபுத்திரன்’ (1940) படத்தில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் சேர்ந்து நடித்தார்கள். அதற்கு நான்கு வருடம் கழித்து, பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் கைதானார். ஆயுள் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1947ல் விடுதலையானார். உச்சியில் இருந்த ஒரு கலைஞர் இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்தால் மனம் உடைந்துபோக எல்லாக் காரணமும் உண்டு. அவரோ வெளியே வந்து ‘நல்லதம்பி’யில் (1949) நடித்தார், ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952) படங்களை இயக்கினார். மன உறுதி மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வழக்குக்காக மனைவி மதுரம் அலைந்தார். வெளியே வந்தவுடன் கைகொடுக்க ஆட்கள் இருந்தார்கள், செய்ய வேலை இருந்தது. சந்திரபாபுவுக்கு இவை ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. இருவரில் யார் பெரிய கலைஞர் என்ற கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

தொழில் செய்கிற விதத்திலும் ஆபத்து இருக்கிறது. சேலம் வட்டாரத்துத் தெருக்கூத்தில் கோமாளியைப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் கூத்து விடியும்வரை போகும். ராஜா வேடம் உள்ளே போய் ஓய்வெடுக்கலாம். கோமாளி பெரும்பாலும் களத்திலேயே நிற்க வேண்டும். மூன்று மணிக்குக் கண்ணைச் சொருகுகிற கூட்டத்தை எழுப்பி உட்கார வைப்பது அவர் பொறுப்பு. பகலில் கிடைத்த இடத்தில் ஒரு தூக்கம், மறுநாள் இன்னொரு ஊர். சீசன் முடிந்தால் வருமானமும் முடிந்தது. தூக்கம் கெடுவது இருமுனைக் கோளாறைக் கிளப்பிவிடும் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த உண்மை. அசதிக்கென்று தொடங்கும் குடி, மனச்சோர்வை இன்னும் ஆழமாக்கும்.

அமெரிக்க நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் உயிரை மாய்த்துக்கொண்டபோது உலகமே பழைய கதையைச் சொன்னது: எல்லோரையும் சிரிக்க வைத்தவர் துக்கத்தை மறைத்தார் என்று. உடற்கூறு ஆய்வில் வேறொன்று தெரிந்தது. அவர் மூளை முழுவதும் லூயி பாடி என்ற நோய் பரவியிருந்தது. பயம், மறதி, தூக்கமின்மை, நடுக்கம் எல்லாமே அதன் அறிகுறிகள். சில மாதங்களுக்கு முன் பார்க்கின்சன் என்று மட்டுமே கண்டறிந்திருந்தார்கள். ‘சோகக் கோமாளி’ என்ற கதை நம்மிடம் தயாராக இருப்பதால் நோயைத் தேடாமலே விட்டுவிடுகிறோம். என்னை மிகவும் வருத்துவது இதுதான். வீட்டில், ஆபீஸில், கல்லூரியில் எப்போதும் ஜோக் அடிக்கிறவர் ஒருநாள் ‘முடியலடா’ என்றால் அதையும் ஜோக் என்றே எடுத்துக்கொள்கிறோம்.

அப்படி ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் தூங்காமல், சாப்பிடாமல், பிடித்ததிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் நேராகக் கேளுங்கள். சாகலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்குச் சொல்லிவிட்டோமே என்று ஆறுதலாகத்தான் இருக்கும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. குப்பனூர், ஏற்காடு பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விட முயன்றவரை அழைத்துப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று தயங்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது; சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. சந்திரபாபு கூண்டில் நின்ற காலத்தில் இந்தச் சட்டம் இல்லை.

மாத்திரை சாப்பிட்டால் கற்பனை வற்றிவிடுமே என்ற பயம் கலைஞர்களுக்கு உண்டு. டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஷோ, இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் எடுத்துக்கொண்டிருந்த 24 கலைஞர்களிடம் இதையே விசாரித்து 1979ல் எழுதினார். 12 பேர் முன்பைவிட அதிகமாக வேலை செய்ததாகச் சொன்னார்கள். 6 பேருக்கு மாற்றமில்லை. 6 பேருக்குக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் பயப்படுகிறவரிடம் காட்ட வேண்டிய கணக்கு. அந்தக் கடைசி ஆறு பேரில் ஒருவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றித் தரக் கேட்கலாம். தானாக நிறுத்திவிடுவதில்தான் ஆபத்து.