செய்து பார்த்தால்தான் 'டிக்'!

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு 'மைன்கிராஃப்ட்' விளையாட்டு என்றால் உயிர். 2011-ல் சுவீடன்காரர்கள் முழுமையாக வெளியிட்டது. மரம் வெட்டி, சுரங்கம் தோண்டி, கிடைத்ததை 9 கட்டங்களில் அடுக்கினால் புதுப் பொருள் வரும். எதை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதில்தான் சூட்சுமமே! 2017 முதல் விளையாட்டுக்குள்ளேயே குறிப்புப் புத்தகம் உண்டு. ஆனாலும், பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த பிறகுதான் அதற்கான குறிப்பு திறக்குமாம். அதனால் அவனும் இவனும் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான்.

"கணக்கு நோட்டு காலியா கிடக்கு, இதுக்கு ஒரு நோட்டா?" என்று என்னவர் சத்தம் போட்டார். நான்தான் ஒரு நிபந்தனையோடு அனுமதித்தேன். எழுதியதைச் செய்து பார்த்து, வந்தால்தான் 'டிக்' போட வேண்டும். எஸ்.மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்துக்கு 'சமைத்துப் பார்' என்று சும்மாவா பெயர் வைத்தார்?

ஒரு ஞாயிறு மதியம் நானும் கூட உட்கார்ந்தேன். 1 கரி, 1 குச்சி வைத்தால் 4 தீப்பந்தம். டிக். 3 கோதுமையை வரிசையாக வைத்தால் ரொட்டி. டிக். கேக்குக்கு மேல் வரிசையில் 3 வாளி பால், நடுவில் சர்க்கரை, முட்டை, சர்க்கரை, கீழே 3 கோதுமை. அடுப்பே வேண்டாம், காலி வாளிகளும் திரும்பி வந்துவிடுகின்றன. கழுவுகிற வேலைகூட இல்லை, கொடுத்து வைத்தவர்கள்!

வினை வந்தது குதிரைச் சேணத்தில். மேலூரிலிருந்து லீவுக்கு வந்த என் அக்கா மகன் நோட்டைப் புரட்டிவிட்டு, "பொய்டா! சேணம் செய்யவே முடியாது, பெட்டியில தேடித்தான் எடுக்கணும்" என்றான். "3 தோல், 1 இரும்புக் கட்டி. நானே செஞ்சேன்டா" என்று இவன் குதித்தான். 2 நாள் இருவரும் பேசவில்லை. அக்காவுக்கும் எனக்குமே முகம் கொடுத்துப் பேச சங்கடமாகிவிட்டது.

"ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுங்கடா" என்றேன். என் செல்போனில் இவனுக்கு சேணம் வந்தது. அவன் லேப்டாப்பில் அதே பொருள், அதே கட்டம், வரவில்லை. இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பிறகு அக்கா மகனேதான் ஆரம்பத் திரையின் மூலையில் இருந்த பதிப்பு எண்ணைக் காட்டினான். அவனுடையது பழசு. சேணம் செய்கிற வசதி 2025 ஜூனில்தான் சேர்ந்ததாம்.

இதற்கு நேர்மாறும் உண்டு. 8 தங்க பிளாக், 1 ஆப்பிள் வைத்தால் மந்திர ஆப்பிள் வரும் என்று காலேஜ் படிக்கும் என் தம்பி மகன் சொல்லியிருந்தான். கம்ப்யூட்டர் பதிப்பில் 2016-லேயே அதை எடுத்துவிட்டார்கள். அந்தக் குறிப்பை அடிக்கப் போனவனைத் தடுத்து, பக்கத்தில் '2016-க்கு முன்' என்று எழுத வைத்தேன்.

இப்போது ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே பதிப்பு எண், தேதி, செய்து பார்த்தவர் கையெழுத்து எல்லாம் இருக்கிறது. சேணத்துக்கு மட்டும் 2 கையெழுத்து!

- ஒரு வாசகி, மதுரை.