மூணு வாரம் ஒட்டினது மூணு செகண்ட்ல போகலாமா?

பிளேடு, பசை, பால்சா பலகைன்னு ஹாஸ்டல் ரூமையே மூணு வாரமா ஒர்க் ஷாப் ஆக்கிட்டீங்களா? குட்டி எலெக்ட்ரிக் ப்ளேன் ரெடியா? சபாஷ் பாஸ்! கிரவுண்டுக்கு ஓடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.

பல முதல் ப்ளேன்கள் நொறுங்கறது மோட்டாரால இல்லை; பேலன்ஸ் தப்பினதால!

பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வர்ற பால்சா, தண்ணீரோட எடையில் சுமார் ஆறில் ஒரு பங்குதான். இவ்வளவு லேசான ப்ளேன்ல, வால் பக்கம் கொஞ்சம் பசை கூடினாலே எடைமையம் பின்னால நகர்ந்துடும். அப்புறம் என்ன... மூக்கைத் தூக்கும், வேகம் குறையும், பொத்துன்னு விழும்.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். பேட்டரியை உள்ளே வைங்க. கனெக்‌ஷன் மட்டும் வேண்டாம், விரல் முக்கியம்! இறக்கையோட அகலம் 20 செ.மீ.ன்னா, முன் விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி, ரெண்டு பக்கமும் அடியில ஆள்காட்டி விரலால தாங்குங்க. சமமா நின்னா பாஸ். மூக்கு லேசா தாழ்ந்தாலும் ஓகே. வால் தாழ்ந்தா பேட்டரியை முன்னால தள்ளுங்க.

அடுத்து, புரொப்பெல்லரைக் கழட்டிட்டு ரிமோட்டை செக் பண்ணுங்க. குச்சியை உங்க பக்கம் இழுத்தா எலிவேட்டர் மேலே எழும்பணும். தலைகீழா இருந்தா, ப்ளேன் நேரா மண்ணுக்குத்தான்!

லித்தியம் பாலிமர் பேட்டரியா? செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல ஏத்தாதீங்க, 3-க்குக் கீழே இறக்காதீங்க. சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கினா, தீப்பிடிக்கலாம்.

2021 ட்ரோன் விதிகள்படி உங்க கிரவுண்ட் பச்சை மண்டலமான்னும் பார்த்துக்கங்க.

எல்லாம் ஓகேயா? ஃப்ரெண்டை எதிர்காற்றுல நேரா எறியச் சொல்லுங்க. ரிமோட் உங்க கையிலேயே இருக்கட்டும். அது மேலே ஏறும்போது கண்ணு கலங்கினா, வெயில்னு சமாளிச்சுக்கலாம்!