வகுப்பில் வேண்டாத குரல், மேடையில் முழங்கியது!
— நமது பொம்மனஹள்ளி நிருபர் —

பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு சிறுமி, பின்னாளில் நாட்டின் பத்மபூஷண் விருதைப் பெற்றார். அவர் தமிழ்ப் பெண். பிறந்தது தமிழ்நாட்டில் அல்ல. பிழைத்ததும் தமிழ்நாட்டில் அல்ல. அவர்தான் பிரபல பாடகி உஷா உதுப்.

நம் பொம்மனஹள்ளி வட்டாரத்தில் விநாயகர் சதுர்த்திக்கும் ராஜ்யோத்சவத்துக்கும் ஆர்கெஸ்ட்ரா வைப்பார்கள். கன்னடப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் முடிந்து, "ரம்பா ஹோ" என்று ஆரம்பித்தால் போதும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் எழுந்து விடுவார். 1981-ல் வெளிவந்த 'அர்மான்' என்ற இந்திப் படத்தில் அதைப் பாடியவர் ஒரு தமிழ்ப் பெண் என்பது நம்மவர் பலருக்கே தெரியாது.

பம்பாய்த் தமிழ்க் குடும்பம்

உஷா 1947 நவம்பரில் பம்பாயில் பிறந்தார். தமிழ் பேசும் நடுத்தரக் குடும்பம். தந்தை போலீஸ் அதிகாரி. சகோதரிகளும் பாடக்கூடியவர்கள். வீட்டு ரேடியோவில் இந்துஸ்தானி சங்கீதமும் மேனாட்டு இசையும் மாறி மாறி ஒலிக்கும். கேட்டுக் கேட்டே பாடப் பழகினாரே தவிர, குரு வைத்து முறையாகக் கற்றுக்கொண்டதில்லை.

பள்ளியில் மற்றப் பெண்களின் குரல் கீச்சென்று மென்மையாக இருக்கும். உஷாவின் குரலோ கனத்த குரல். கூட்டாகப் பாடும்போது அது ஒட்டவில்லை. எனவே வகுப்பை விட்டு வெளியே அனுப்பினார்கள். ஆனாலும் பெண்ணுக்குத் தாளம் நன்றாக வருகிறதே என்று, தட்டி வாசிக்கும் சிறு கருவிகளை ஆசிரியை கையில் கொடுத்தார். பள்ளி வயதிலேயே ரேடியோ சிலோனில் பாடும் வாய்ப்பும் கிடைத்தது. அதற்கு வழி செய்தவர் புகழ்பெற்ற அறிவிப்பாளர் அமீன் சயானி.

மவுண்ட் ரோட்டில் முதல் மேடை

அவர் தொழிலாகப் பாடத் தொடங்கியது நம் சென்னையில்தான். அது 1969-ம் ஆண்டு. மவுண்ட் ரோட்டில் சபையர் தியேட்டர் கட்டடத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதி இருந்தது. உறவினரோடு அங்கே போனவர், மேடையேறி ஆங்கிலப் பாட்டுப் பாடினார். உடுத்தியிருந்தது புடவை! இரவு விடுதிப் பாடகி என்றால் குட்டை கவுன்தான் என்று நினைத்திருந்தவர்கள் அசந்து போனார்கள். விடுதிக்காரருக்குப் பிடித்துப்போய், தொடர்ந்து பாட அழைத்தார்.

பிறகு பம்பாய். அடுத்து கல்கத்தா பார்க் தெருவில் 'டிரிங்காஸ்'. ஆரம்ப கால இசைத்தட்டுகளில் அவர் பெயர் உஷா ஐயர். கல்கத்தாவில் சந்தித்த கேரளத்தவரான ஜானி சாக்கோ உதுப்பை மணந்த பிறகு உஷா உதுப் ஆனார். டில்லி ஓட்டலில் பாடியபோது நடிகர் தேவ் ஆனந்த் கேட்டார். 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' (1971) படத்தில் பாடும் வாய்ப்பு வந்தது.

அதே 1969-ல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவில் லட்சக்கணக்கானவர்கள் முன் பாடிப் பெயர் வாங்கியவர், இங்கிலாந்தின் ஜோ காக்கர். ஷெஃபீல்டு நகரில் எரிவாயுக் குழாய் பொருத்தும் தொழிலாளியாக இருந்தவர். அவருக்கும் கரகரத்த குரல்தான். அந்தக் கரகரப்பே அவருக்குச் சொத்தாயிற்று. ராக், சோல் போன்ற மேனாட்டு இசை வகைகளில் குழைவான குரல்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாடுகிறவர் மனதார உணர்ந்து பாட வேண்டும், அவ்வளவுதான்.

மந்திரி தடுத்தார்; கோர்ட்டு திறந்தது

1980-களில் சோதனை வந்தது. மேற்கு வங்க மந்திரி ஜதீன் சக்ரவர்த்தி, உஷாவின் பாட்டு 'அபசம்ஸ்கிருதி', அதாவது பண்பாட்டைக் கெடுப்பது என்றார். அரசு அரங்குகளின் கதவு அடைபட்டது. பிழைக்க வந்த ஊரில் மந்திரியையே எதிர்ப்பதா என்று ஒதுங்கியிருக்கலாம். அல்லது பம்பாய்க்கே திரும்பியிருக்கலாம். உஷா கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

அதன் பிறகும் கல்கத்தாவை அவர் விடவில்லை. நெற்றியில் இடும் பெரிய பொட்டில் வங்காள எழுத்தான 'க' இருக்கும். அது கல்கத்தாவின் 'க'. உடுத்துவதோ காஞ்சீபுரம் பட்டு! வந்த ஊரையும் நேசிக்கலாம், பிறந்த குலத்தின் அடையாளத்தையும் விட வேண்டாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

தமிழ்ப் படத்திலும்

தமிழ் ரசிகர்களுக்கும் அவர் அந்நியர் அல்ல. 'மேல்நாட்டு மருமகள்' (1975) படத்தில் ஆங்கிலப் பாட்டுப் பாடினார். 'அஞ்சலி' (1990) படத்தில் இளையராஜா இசையில் "வேகம் வேகம்" பாடினார். 'மன்மதன் அம்பு' (2010) படத்தில் மாதவனின் தாயாக நடித்தார். இந்தியில் '7 கூன் மாஃப்' (2011) படத்தின் "டார்லிங்" பாட்டுக்காக ஃபிலிம்ஃபேர் விருதைப் பகிர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது!

2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண் விருதுகள் வந்தன. அதே 2024 ஜூலையில் கணவர் காலமானார். அரை நூற்றாண்டுக்கு மேல் மேடையில் பாடிவிட்டார்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் யாருக்காவது குரல் சரியில்லை, பேச்சு சரியில்லை, இந்த ஊர் பாஷை வாயில் நுழையவில்லை என்று பள்ளியில் சொல்லியிருக்கலாம். அதையே கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பிள்ளையை அடக்கிவிடாதீர்கள். வகுப்புக்கு ஒத்து வராத குரல், நாட்டுக்கே பிடித்துப்போனது உண்டு.