தோளை அழுத்தாத மரம் எது?

வீணைக்குக் குடம் உண்டு. மின்சார 'பேஸ்' கிட்டாருக்கு அது கிடையாது. கெட்டிப் பலகைதான் அதன் உடல்!

அமெரிக்காவில் ரேடியோ பழுது பார்த்து வந்தவர் லியோ பெண்டர். 1951-ல் அவர் விற்பனைக்குக் கொண்டு வந்த 'பேஸ்' கிட்டார்தான் உலகெங்கும் பரவியது. உடலுக்கு 'ஆஷ்' மரம், கழுத்துக்கு 'மேப்பிள்' மரம்.

சொல்லிச் செய்ய வருகிறவர்கள், "எந்த மரத்தில் நாதம் நன்றாக வரும்?" என்று கேட்பார்கள். தந்தியின் அதிர்வைப் பிடிப்பதோ காந்தமும் கம்பிச் சுருளும்! மரத்தால் நாதம் எவ்வளவு மாறும் என்பதில் செய்பவர்களுக்குள்ளேயே சண்டை. எடையில் மட்டும் சண்டை இல்லை. சுமார் 4 கிலோ, மணிக்கணக்கில் தோளில் தொங்க வேண்டுமே!

மிசிசிபி ஆற்றோரச் சதுப்பில் வளரும் ஆஷ் மரம் லேசானது. அதனால் அதற்குக் கிராக்கி. அதற்குத்தான் எமன் வந்தான். ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் குடையும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப் போய்விட்டன. 2020-ல் பெண்டர் கம்பெனியே ஆஷ் மரத்தைப் பெரும்பாலும் கைவிடுவதாக அறிவித்தது. 'ஆல்டர்' மரம் கைகொடுக்கிறது.

கழுத்துக்கு லேசான மரம் உதவாது. 4 தடித்த தந்திகளும் சேர்ந்து ஓர் ஆளின் எடைக்கு இழுக்கும்! நன்றாக உலர்ந்த மேப்பிள்தான் வளையாமல் நிற்கும். அதன் மேல் விரல் படும் பலகைக்குப் பலர் கேட்பது, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்.