தவறிய தவணை

வைத்தியரும் நோயாளரும் குறித்த நாளிற் குறித்த இடத்திற் கூடினாலன்றிச் சிகிச்சை நிகழமாட்டாது. எளிதாய்த் தோன்றும் இக்காரியமே இன்று பல நாடுகளில் வைத்திய சேவைக்குப் பெருந் தடையாய் நிற்கின்றது. ஈழத்து வைத்தியர் பலர் சென்று பணியாற்றும் இங்கிலாந்தை நாம் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

அந்நாட்டின் தேசிய சுகாதார சேவை 1948 ஆம் ஆண்டு தொடங்கியது. வைத்தியரைக் காண ஆங்கே கட்டணமில்லை. ஆயினும் குடும்ப வைத்திய நிலையங்களில் மட்டும் ஆண்டொன்றுக்கு ஒரு கோடியே ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட தவணைகள் எவரும் வாராமல் வீணாகின்றன என அச்சேவையினர் 2019 இல் அறிவித்தனர். அவற்றுள் ஏறக்குறைய 72 இலட்சம் வைத்தியரையே காணவேண்டியவை. இவற்றால் நேரும் நட்டம் 21 கோடி 60 இலட்சம் பவுண். வெறுமையாய்க் கிடக்கும் ஒவ்வொரு நாற்காலியும் வரிசையிற் காத்திருக்கும் வேறொரு நோயாளருக்கு உரியதன்றோ?

இக்குறையை நீக்க மேற்கொண்ட முயற்சிகள் சில நம் கவனத்துக்குரியன. பெட்போட்ஷயரில், அடுத்த தவணையின் நாளையும் நேரத்தையும் தாதியர் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, நோயாளரே தங் கையால் எழுதிக்கொள்ளுமாறு செய்தனர். தவறிய தவணைகள் நூற்றுக்கு 18 பங்கு குறைந்தன. இம்முடிவு 2012 இல் வெளியாயிற்று. கிழக்கு இலண்டன் வைத்தியசாலைகளில் 2013-14 இல் நிகழ்ந்த பரிசோதனையில், வழமையான நினைவூட்டற் குறுஞ்செய்தி பெற்றோருள் நூற்றுக்கு 11.1 பேர் வாராதிருந்தனர். வாராவிடின் சுகாதார சேவைக்கு ஏறத்தாழ 160 பவுண் நட்டமாகும் என்ற வசனத்தைச் சேர்த்தபோது அத்தொகை 8.4 ஆகக் குறைந்தது.

மறதியால் வாராதோர்க்கு இவை போதும். ஆனால் வாராதோர் யாவரும் மறந்தவரல்லர். பேருந்துச் செலவுக்கு வழியற்றோர், அன்றன்றைக் கூலியை இழக்க இயலாதோர், நோயின் பெயரைக் கேட்க அஞ்சுவோர், மனம் தளர்ந்து எழ மாட்டாதோர் எனப் பலர் உளர். ஸ்கொத்லாந்தில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2019 இல் வெளியிட்ட அறிக்கை நம்மைத் திடுக்கிடச் செய்வது. நெடுங்கால மனநோயுற்றோருள் ஆண்டுக்கு இரண்டுக்கு மேற்பட்ட தவணைகளைத் தவறவிட்டோர், ஒன்றையும் தவறவிடாதோரினும் எட்டு மடங்குக்கு மேலான மரண அபாயத்தில் இருந்தனர் என அது கூறும். தவணை தவறியதனாலேயே மரணம் நேர்ந்தது என இதற்குப் பொருள் கொள்ளலாகாது. எனினும் அடிக்கடி வாராதிருக்கும் நோயாளரைப் பொறுப்பற்றவர் என இகழ்ந்து பெயரை வெட்டிவிடுவது எத்துணை ஆபத்தானது என்பது இதனாற் புலனாகும்.

பின் செய்யத்தக்கது யாது? இதற்கு விடை தமிழகத்தில் முன்னரே காணப்பெற்றது. 1956 இல் சென்னையில் நிறுவிய கசநோய்ச் சிகிச்சை நிலையத்தார் 193 நோயாளரைத் தெரிந்து, ஒரு பகுதியினரை விடுதி வைத்தியசாலையிலும் மறு பகுதியினரை அவர்தம் வீடுகளிலும் வைத்து ஓராண்டு சிகிச்சை செய்தனர். வீடுகளோ வறியவை. எனினும் 1959 இல் வெளியான முடிவில், வீட்டிற் சிகிச்சை பெற்றோர் மற்றவரோடு ஏறக்குறைய ஒத்த அளவிற் குணமடைந்திருந்தனர். சுகாதார ஊழியர் வீடு தேடிச் சென்று, எஞ்சிய குளிகைகளை எண்ணி, நோயாளரோடும் குடும்பத்தாரோடும் உரையாடி வந்தமை இவ்வெற்றிக்குப் பெரிதும் துணையாயிற்று.

ஆதலின் நம் மாணவருள் நாளை வைத்தியராகப் போவோர்க்கு ஒன்று கூறுவோம். வந்த நோயாளரைப் பார்த்து முடித்தபின், அன்றைய பதிவேட்டில் வாராதார் பெயரையும் ஒருமுறை படியுங்கள். அவருள் எவர் மறந்தார், எவர் வர இயலாதிருந்தார் என விசாரித்தறியுங்கள். நோயாளராய்ச் செல்லும் நாமோ, போக இயலாதவிடத்து முன்கூட்டியே ஒரு வார்த்தை அறிவித்துவிடுவோம். நம் இடம் வேறொருவர்க்கு அன்றே பயன்படும்.